பெரிய நாயோடு நீண்ட ரயில் பயணம்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

சின்ன நாய் வைத்திருப்பவர்களுக்கு ரயில் பயணம் பெரிய விஷயமே இல்லை. ஒரு பைக்குள் வைத்து, அந்தப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டால் பல நாட்டு ரயில்களில் டிக்கெட்கூடக் கேட்க மாட்டார்கள். 25, 30 கிலோ எடையில், தொடை உயரத்துக்கு நிற்கும் நாயோடு கிளம்புகிறவர்களுக்குத்தான் எல்லாச் சந்தேகமும் வரும். விமானத்தின் சரக்கு அறையில் அனுப்ப மனம் வராது. தனி வண்டி பேசினால் கையைக் கடிக்கும். மிச்சம் இருப்பது ரயில்.

ரயில் நல்ல வழிதான், குறைந்த செலவிலும் போகலாம். ஆனால் செலவும் குறைய வேண்டும், சீக்கிரமும் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்தால் அந்தக் கஷ்டம் முழுக்க நாயின் தலையில் விழும். காசு குறைவாக இருந்தால் நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கிலிருந்து வருபவைதான்.

முதலில் விதி, அப்புறம் டிக்கெட்

மலிவாக ஒரு டிக்கெட் கண்ணில் பட்டதும் வாங்கிவிடாதீர்கள். பெரிய நாய் விஷயத்தில் ஒரு நாட்டு ரயிலுக்கும் இன்னொரு நாட்டு ரயிலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

பிரிட்டனில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை இலவசமாகக் கூட்டிப் போகலாம், கயிற்றில் பிடித்திருந்தால் போதும். ஜெர்மனியில் வீட்டுப் பூனையைவிடப் பெரிய நாய்க்குப் பாதிக் கட்டணம், கயிறும் மசிலும் (நாய் கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் மூடி) கட்டாயம். சுவிட்சர்லாந்தில் தோள் உயரம் 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் நாய்க்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். பிரான்சில் 6 கிலோவுக்கு மேல் போனால் பெரிய நாய்க் கணக்கு, அதற்கு மசில் வேண்டும். அமெரிக்காவின் ஆம்ட்ராக்கில் கூண்டோடு சேர்த்து 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோதான் வரம்பு, அதுவும் 7 மணி நேரம் வரையுள்ள பயணங்களில் மட்டும். ஜப்பானின் ஜேஆர் ரயில்களில் கூண்டோடு 10 கிலோ. உதவி நாய்களை (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நாய்கள்) தவிர, இந்த இரண்டிலும் பெரிய நாய்க்கு வழியே இல்லை. லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாகப் போகும் யூரோஸ்டாரிலும் உதவி நாய்களுக்கு மட்டுமே அனுமதி.

இந்திய ரயில்வேயில் முதல் வகுப்பு ஏசியில் 2 படுக்கைக் கூபேயையோ 4 படுக்கைக் கேபினையோ முழுவதுமாக எடுத்தால் நாய் உங்களோடு வரலாம். கூபே கிடைத்ததா இல்லையா என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். மற்ற வகுப்புகளில் போகிறவர்களின் நாய் பிரேக் வேனில் (கார்டும் சரக்கும் போகும் பெட்டி) இருக்கும் நாய்ப்பெட்டிக்குத்தான் போக வேண்டும். ஆஸ்திரியாவின் நைட்ஜெட் இரவு ரயில்களிலும் அறையை முழுவதுமாக எடுத்தால்தான் நாய்க்கு இடம்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், நீங்கள் போகப் போகும் ரயில் நிறுவனத்தின் விதிப் பக்கத்தைக் கிளம்பும் வாரத்தில் மறுபடியும் ஒருமுறை படியுங்கள். ஐந்து விஷயங்களை அதில் தேட வேண்டும்: எடை அல்லது உயர வரம்பு, நாய்க்குத் தனி டிக்கெட் உண்டா, மசில் கட்டாயமா, எந்தப் பெட்டிகளில் அனுமதி, கூட்ட நேரத் தடை ஏதாவது உண்டா. இத்தாலியின் ட்ரெனிடாலியாவில் நாயின் பதிவுச் சான்றிதழையும் கேட்பார்கள். வழியில் இரண்டு நிறுவனங்களின் ரயில்களில் மாறிப் போவதாக இருந்தால் இரண்டின் விதிகளையும் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. டிக்கெட் பரிசோதகரே விதி தெரியாமல் தடுமாறும் நேரங்கள் உண்டு. அப்போது வாக்குவாதம் செய்யாமல் படத்தைக் காட்டினால் விஷயம் முடிந்துவிடும்.

பாதையைத் துண்டு போடுங்கள்

ஆரோக்கியமான வளர்ந்த நாய் சுமார் 6 முதல் 8 மணி நேரம் சிறுநீரை அடக்கும். அது வீட்டில் படுத்துத் தூங்கும் நேரக் கணக்கு. புது இடம், சத்தம், பதற்றம் எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு நேரம் தாங்காது. பகலில் 4 அல்லது 5 மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கிற மாதிரித் திட்டம் போடுவது என் வழக்கம். குட்டி, வயதான நாய், கருவுற்ற நாய் என்றால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

செலவு குறையும் இடமும் இதுதான். அதிவேக ரயிலைவிட, நின்று நின்று போகும் வட்டார ரயில்கள் பல நாடுகளில் மலிவு, முன்பதிவும் தேவைப்படாது. ஒரு ரயிலை விட்டால் அடுத்ததில் ஏறலாம். நாயோடு போகிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் பெரிய வரம். நிலையத்துக்கு வெளியே புல்தரையில் நாய் மோப்பம் பிடித்துக்கொண்டே நின்றால் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும் மலிவு டிக்கெட்டை எடுப்பதாக இருந்தால், மாறும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். முழுப் பாதைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட்காரருக்கு அடுத்த ரயிலில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தனித்தனியாக வாங்கியவர் பெரும்பாலும் மறுபடி காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

இரவு ரயிலா, வழியில் ஒரு ராத்திரி தங்கலா என்பதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். தனி அறை விலை அதிகம்தான். ஆனால் நாயை அனுமதிக்கும் விடுதியின் வாடகை, அது நாய்க்கென்று கேட்கும் கூடுதல் தொகை, நிலையத்திலிருந்து அங்கே போகும் வண்டிச் செலவு எல்லாவற்றையும் சேர்த்தால் சில சமயம் தனி அறையே மலிவாக வரும். நண்பர்களோ குடும்பமோ நான்கு பேர் சேர்ந்து போனால் அறையை முழுவதுமாக எடுப்பது தலைக்கு இன்னும் குறையும். கூட்டம் குறைந்த வார நடுநாட்களில் கிளம்புங்கள். டிக்கெட் விலை குறைவு என்பதோடு, நாய் கால் நீட்டிப் படுக்கவும் இடம் கிடைக்கும். பெரிய நாய்க்கு அந்தத் தரை இடம்தான் முக்கியம்.

பழக்கும் காலம்

ஒரு மாதம் ஒதுக்குங்கள். காசு செலவில்லாத வேலை இது, ஆனால் பயணம் நல்லபடியாக அமைவதும் கெடுவதும் இங்கேதான் முடிவாகிறது.

மசிலிலிருந்து தொடங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி மசில் வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வாய் கட்டப்பட்டால் அது நடக்காது. கூடை மாதிரியான மசில் வாங்குங்கள். அதைப் போட்டபடியே நாய் வாயைத் திறக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், நீங்கள் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்கித் தின்ன வேண்டும். இந்த மூன்றும் முடியவில்லை என்றால் அளவு சரியில்லை.

வாங்கி வந்ததும் மாட்டிவிடாதீர்கள். மசிலை ஒரு கிண்ணம் போலக் கையில் பிடித்து, உள்ளே அதற்குப் பிடித்ததைத் தடவி நீட்டுங்கள். மூக்கைத் தானாக உள்ளே விட்டு நக்கட்டும், நக்கியதும் எடுத்துவிடுங்கள். சில நாள் இப்படிப் போகட்டும். பிறகு மூக்கு உள்ளே இருக்கும்போது வாரை மாட்டி, பத்தே விநாடியில் கழற்றுங்கள். அந்தப் பத்து விநாடி ஒரு நிமிடமாகும், ஒரு நிமிடம் ஒரு நடையாகும். எங்கள் நாய் இப்போது மசிலைக் கையில் எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு வந்து மூக்கை நுழைக்கிறது. அவசரப்பட்டுக் கட்டியிருந்தால் கட்டிலுக்கு அடியில்தான் போய் ஒளிந்திருக்கும்.

அடுத்தது படி. பல ரயில்களின் ஏறுபடி கம்பி வலை போல ஓட்டைகளோடு இருக்கும், கீழே தண்டவாளம் தெரியும். பிளாட்ஃபாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி வேறு. பயமே தெரியாத நாய்கூட அங்கே நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். 30 கிலோ நாய் ஒரு முடிவோடு நின்றால் இழுத்து அசைக்க முடியாது. பின்னால் ஏற வேண்டியவர்கள் வேறு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். இரும்பு வலைப் பாலம், வடிகால் மூடி, பேருந்துப் படி என்று கிடைக்கும் இடத்திலெல்லாம் நடக்கவிட்டுப் பழக்குங்கள். முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்று இருந்தால், முன்னங்கால் மேலே போனதும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிடலாம். செலவைக் குறைக்கக் கூடாத பொருள்களில் இது ஒன்று.

இரண்டு பெட்டிகளை இணைக்கும் இடத்தில் தரைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று அசைந்துகொண்டே இருக்கும். அங்கேயும் நாய் நின்றுவிடும் என்பதால், உங்கள் இருக்கை இருக்கும் பெட்டியின் கதவிலேயே ஏறிவிடுங்கள்.

மூன்றாவது, எந்தத் தரையிலும் ஒன்றுக்குப் போகும் பழக்கம். புல்லில் மட்டுமே போய்ப் பழகிய நாய், சரளைக் கல்லும் சிமெண்டும் மட்டுமே உள்ள நிலையத்தில் அடக்கிக்கொண்டே நிற்கும். தினமும் நடக்கும்போது மண், கல், சிமெண்ட் என்று இடத்தை மாற்றுங்கள். அது போகும் நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே வாருங்கள், முடித்ததும் ஏதாவது கொடுங்கள். சில வாரத்தில் அந்தச் சொல்லே வேலை செய்யும். ஐந்து நிமிடம் மட்டும் நிற்கும் நிலையத்தில் இதன் அருமை தெரியும்.

இதெல்லாம் பழகியதும் ஒரு நிலையத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை ஒரு நிறுத்தம் மட்டும் ரயிலில் போய்த் திரும்புங்கள். பிறகு அரை மணி, பிறகு இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரப் பயணத்தில் படுத்துத் தூங்கிவிட்டது என்றால் நீண்ட பயணத்துக்கு டிக்கெட் எடுக்கலாம். நடுங்கிக்கொண்டும் எச்சில் வடித்துக்கொண்டும் இருந்தால் இன்னும் நாள் வேண்டும் என்று அர்த்தம்.

தாள்கள்

நாடு விட்டு நாடு போவதாக இருந்தால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி, செல்லப்பிராணிப் பாஸ்போர்ட் மூன்றும் வேண்டும். 12 வாரம் முடிந்த நாய்க்குத்தான் அந்தத் தடுப்பூசி கணக்கில் வரும், முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். சில நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். ஊசி போட்டு 30 நாளுக்குப் பிறகு ரத்தம் எடுத்து, அதற்கு மேல் 3 மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால் கிட்டத்தட்ட நான்கு மாதம் ஓடிவிடும். பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே ஆகிய நாடுகளுக்குள் நுழைய 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன்பு நாடாப்புழு மருந்து கொடுத்து, அதை மருத்துவர் பதிவு செய்திருக்க வேண்டும்.

உள்நாட்டுப் பயணத்துக்குத் தடுப்பூசிப் புத்தகமும், கேட்கும் இடங்களில் மருத்துவரின் உடல்நலச் சான்றும் போதும். கழுத்துப்பட்டையில் நீங்கள் பயணத்தில் வைத்திருக்கும் போன் எண்ணைத் தொங்கவிடுங்கள். வீட்டு எண்ணால் பயனில்லை.

மருத்துவரைப் பார்க்கும்போது இன்னொன்றும் பேசிவிடுங்கள். பயணம் என்றதும் தூக்க மருந்து கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது. நாய்க்கென்று இருக்கும் பழைய மயக்க மருந்துகளில் சில ரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் திறனையும் கெடுக்கும். நாய் அசையாமல் கிடக்கும், ஆனால் பயம் அப்படியே இருக்கும். பதற்றத்துக்கும் பயண வாந்திக்கும் வேறு நல்ல மருந்துகள் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை கொடுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

பையில் என்ன

நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி லிட்டர் தண்ணீர் தேவை. 30 கிலோ நாய்க்கு 1.5 முதல் 1.8 லிட்டர். வெயில் காலத்தில் இன்னும் கூடும். ரயில் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து, தேவையைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாடு, கூடுதலாக ஒரு வேளைக்கு. ஒரு பழைய போர்வை, துவைக்காமல் அதன் வாசனையோடு. ஈரம் உறிஞ்சும் பேட் சில, பழைய துண்டு, மலம் அள்ளும் பைகள் தாராளமாக, மசில், உதிரிக் கயிறு ஒன்று. கிண்ணத்துக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம், மூடியுள்ள எந்த டப்பாவும் ஆகும். கூண்டு தேவைப்படும் பயணம் என்றால் கடன் வாங்கப் பாருங்கள். பெரிய கூண்டு விலை அதிகம், வீட்டிலும் இடத்தை அடைக்கும். நாய் உள்ளே தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் முடிந்தால் அளவு சரி.

உங்கள் சாமானைத் தோளில் மாட்டும் ஒரே பைக்குள் அடக்குங்கள். ஒரு கை எப்போதும் நாய்க்கு வேண்டும், இன்னொரு கை கதவுக்கு.

கிளம்பும் நாள்

ரயிலுக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பாடு கொடுங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். அப்புறம் ஒரு நீண்ட நடை. நிலையத்துக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். எஸ்கலேட்டரில் ஏற்ற வேண்டாம். படிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் நகமும் விரலும் சிக்கிக் கிழிந்துபோகும், பெரிய நாயைத் தூக்கிக் காப்பாற்றவும் முடியாது. லிஃப்ட் அல்லது சாதாரணப் படிக்கட்டு.

பிளாட்ஃபாரத்தில் கூட்டத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள். ரயில் சத்தத்தோடு உள்ளே வரும்போது நாய் உங்களுக்குச் சுவர்ப் பக்கமாக இருக்கட்டும். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் தலை கழுத்துப்பட்டையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கழுத்துப்பட்டை, ஹார்னஸ் இரண்டிலும் கயிறு மாட்டியிருந்தால் அந்தக் கவலை இல்லை.

எல்லோரும் இறங்கட்டும், முண்டியடிப்பவர்கள் ஏறட்டும். கடைசியில் ஏறுங்கள்.

ரயிலுக்குள்

பெட்டியின் கோடி இருக்கை, சாமான் வைக்கும் இடத்துக்குப் பக்கத்து இருக்கை, எதிரே சுவர் உள்ள இருக்கை, இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். நடைபாதையில் படுக்கவிட்டால் யாராவது வாலை மிதிப்பார்கள், தள்ளுவண்டி பாதத்தில் ஏறும். ஜன்னலோரம் நாய், நடைபாதைப் பக்கம் நீங்கள். போர்வையை விரித்து, கயிற்றைக் காலடியில் மிதித்து வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக் கம்பியில் கட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள்.

உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "நாய் இருக்கிறது, உங்களுக்குச் சிரமம் இல்லையே?" என்று கேட்டுவிடுங்கள். பயம் உள்ளவர்கள் இருப்பார்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய இடம் அது. நீங்களே முதலில் கேட்டால் அநேகம் பேர் சரி என்பார்கள். சரி இல்லை என்றால் எழுந்து வேறு இடம் தேட வேண்டியது நாம்தான். குழந்தைகள் தொட வந்தால், நாய் தூங்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஓடும் ரயிலில் பெரிய வேளைச் சாப்பாடு வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். நிறையக் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டிவரும் என்று தண்ணீரைக் குறைப்பது தவறான சிக்கனம். தவறிப்போய் ஒன்றுக்குப் போய்விட்டால் பேட் போட்டுத் துடைத்துவிடலாம், நீர் வற்றிப்போனால் அப்படிச் சரிசெய்ய முடியாது.

சரக்குப் பெட்டியில்தான் ஏற்ற முடியும் என்றால்

மலிவான வழி என்று சிலர் முதலிலேயே இதைத்தான் யோசிக்கிறார்கள். நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன், சில நாய்களுக்கு அந்த வழியே கூடாது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பிய நாய்கள், வயதானவை, இதய நோய் உள்ளவை, தனிமையில் பதறுபவை, இவற்றை அப்படி அனுப்பாதீர்கள். கோடைப் பகலில் எந்த நாயையும் அனுப்பாதீர்கள். நின்ற ரயிலின் இரும்புப் பெட்டி சீக்கிரம் கொதித்துவிடும், அங்கே நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதில்லை.

வேறு வழியில்லை என்றால் குளிர்ந்த மாதத்தில், இரவு ரயிலில், குறைந்த தூரம். கவிழாத தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூண்டுக் கதவில் கட்டுங்கள். எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று எழுதி வைத்துக்கொண்டு, நீண்ட நேரம் நிற்கும் ஒவ்வொன்றிலும் போய்ப் பாருங்கள். அந்தப் பெட்டியின் ஊழியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இரண்டு ஆபத்துகள்

முதலாவது, உடல் சூடு அளவுக்கு மேல் ஏறுவது. நாயின் இயல்பான உடல் சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிற்காத வேகமான மூச்சு, கெட்டியான எச்சில், கருஞ்சிவப்பாக மாறும் ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அடையாளம். அந்த இடத்திலேயே உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறத் தொடங்குங்கள். குளிரவைத்துக்கொண்டேதான் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டாவது, ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வரும் வயிற்று முறுக்கம். வயிறு காற்றால் உப்பி, முறுக்கிக்கொள்ளும். நாய் நிலைகொள்ளாமல் தவிக்கும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. வயிறு மத்தளம் போல இறுகும். இதைப் பார்த்தால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுங்கள், டிக்கெட் போனால் போகட்டும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், அறுவை சிகிச்சைதான் வழி. மாறும் நிலையங்களுக்குப் பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைகளின் எண்களை இதற்காகவே வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போங்கள்.

போய்ச் சேர்ந்ததும்

இறங்கிய உடனே யார் வீட்டுக்கும் அழைத்துப் போகாமல் அரை மணி நேரம் நடத்துங்கள். பிறகு தண்ணீர், கொஞ்சம் இடைவெளி விட்டு அளவான சாப்பாடு. மறுநாள் வரை மலம் இளகியிருக்கலாம், அதிகமாகத் தூங்கலாம். சாப்பிட்டுக்கொண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டும் இருந்தால் பயம் வேண்டாம். புது ஊரில் முதல் சில நாள் எக்காரணம் கொண்டும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். திரும்பும் டிக்கெட்டை, வந்து சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று முழு நாளாவது தள்ளிப் போடுங்கள்.